பதினாலாம் நம்பர் காடு

ஏப்ரல் 3

உரக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி மூன்று மாதமாக மேசையடியில் கிடந்தது. எழுத விஷயம் இல்லாமல் இல்லை. எழுதத் தகுந்த ஆள்தான் இந்த எஸ்டேட்டில் கிடையாது. இன்று எடுத்ததற்குக் காரணம் வயிற்றெரிச்சல். எமிலியிடம் சொல்லலாம் என்றால் அவள் குரங்குகள் பக்கம் பேசுகிறாள். கட்டின மனைவி.

குறிஞ்சிப்பாறை எஸ்டேட், மேல் டிவிஷன், பீல்டு ஆபீசர் எஸ். ஞானதிரவியம், முப்பத்தொரு வருட சர்வீஸ், வரும் டிசம்பரில் ரிடையர்மென்ட் ஆகிய நான், இன்று காலை மஸ்டரில் எல்லாரையும் நிற்கவைத்து வேலைக்கு ஆள் பிரிக்கும்போது குரங்குகளுக்கு ஒரு ஆள் ஒதுக்கினேன். கொழுந்து பறிக்க ஆள் இல்லாமல் ஜார்கண்டிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவருகிறோம். குரங்குக்கு ஆள்.

வால்பாறை ரோடு எங்கள் டிவிஷனை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. ரோட்டுக்கு மேலே முப்பது ஏக்கர் சோலை. கீழே பதினாலாம் நம்பர் காடு. இங்கே காடு என்றால் தேயிலை. நிஜக் காட்டுக்குத்தான் சோலை என்று பெயர். அதற்கும் கீழே ஆற்றோரம் இன்னொரு சோலை, பதினோரு ஏக்கர். நூறு வருடத்துக்கு முன் வெள்ளைக்காரன் மலையை மொட்டையடித்துத் தேயிலை வைத்தபோது, தேயிலைக்கு ஆகாத பள்ளங்களை விட்டுவைத்தான். அந்த மிச்சம் மீதியில் முப்பத்துநாலு சிங்கவால் குரங்குகள் குடியிருக்கின்றன. மேலே கொஞ்ச நாள், கீழே கொஞ்ச நாள். போகவர எங்கள் நிழல் மரங்களின் கிளைகள்தான் அவற்றுக்கு வழி. எப்போதாவது ஒன்றிரண்டு ரோட்டில் இறங்கும், வண்டியில் அடிபடும். இதற்காக மேனேஜரும் வனத்துறையும் ஆராய்ச்சிக்காரர்களும் கூடி உட்கார்ந்து, பிஸ்கட் தின்று, விசிலும் சிவப்புக் கொடியுமாக ரோட்டில் ஒரு ஆளை நிறுத்துவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இதற்கு மூன்று கூட்டம்.

முத்துப்பேச்சியைப் போட்டேன். கேசுவல் லேபர். புருஷன் செல்லையா போன வருடம் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். எஸ்டேட் கொடுத்த லயன் வீடு அவன் பேரில் இருக்கிறது. இவளுக்கு பெர்மனென்ட் ஆனால்தான் வீடு தங்கும். ஜூன் முதல் தேதி அதற்கான லிஸ்ட் போகிறது. அதை எழுதுகிறவன் நான். அதற்குள் இவள் பேரில் ஒரு புகார் வந்தாலும் சாமானைக் கட்ட வேண்டியதுதான். இதை அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

"குரங்குக்கா சார் காவலு?" என்றாள்.

"ஆமா. நின்னாப் போதும். வண்டி வந்தா கொடியக் காட்டு, விசில ஊது."

"நான் சொன்னா அதுங்க கேக்குமா?"

"வண்டிக்காரன் கேட்டாப் போதும். குரங்கு உன்ன எதுக்குக் கேக்கப் போவுது."

நாற்பது பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்படித்தான் சிரிப்பார்கள், எதற்கென்று தெரியாமல்.

ஏப்ரல் 8

ஞாயிறு. கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் அடுக்களையில் குரங்கு. ஓட்டைப் பிரித்து இறங்கியிருக்கிறது. மீன் குழம்பைத் தொடவில்லை. புட்டு முழுவதையும் தின்றுவிட்டு, பாத்திரத்தையும் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. முகத்தைச் சுற்றி வெள்ளைத் தாடி, நடுவில் கறுத்த மூஞ்சி. போகும்போது திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. ஏதோ நான் அதன் வீட்டில் நுழைந்துவிட்ட மாதிரி.

"பசிக்குதுல்லங்க, பாவம்" என்றாள் எமிலி.

எனக்கும்தான் பசித்தது. நான் யார் வீட்டு ஓட்டையும் பிரிக்கவில்லை.

ஏப்ரல் 12

டாக்டர் பௌசியா என்று ஒரு பெண் வந்தாள். டாக்டர் என்றதும் எமிலி முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லையாம். எறும்பு டாக்டர். ஊர் பொள்ளாச்சி. இரண்டு வருடம் பிரேசில் நாட்டில் உட்கார்ந்து எறும்பு பார்த்துவிட்டு, இப்போது இங்கே சோலைக்குள் டம்ளர் புதைத்து எறும்பு பிடிக்கிறாள். குரங்கு வேலையையும் சேர்த்துக் கவனிக்கிறாள். முப்பது வயசுக்கு மேல் இருக்கும். வீட்டில் கேட்க ஆளில்லை போலும்.

அந்த ஊர் எறும்பு இலையை வெட்டுமாம். படம் காட்டினாள். நகத்தளவு இலைத்துண்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போகின்றன.

"இதப் பாக்கவா அவ்வளவு தூரம் போனீங்க? மத்தியானம் நாங்க கொழுந்து எடை போடுற எடத்துக்கு வாங்க, நாப்பது பேரு இப்படித்தான் போறாங்க" என்றேன்.

கோபப்படுவாள் என்று பார்த்தேன். "நானும் அதையேதானுங்க நெனச்சேன்" என்று சிரித்தாள். "அதுங்க எலையத் திங்கறதில்லைங்க சார். புத்துக்குள்ள கொண்டுபோய் அதுல பூஞ்சை வளத்தி, அந்தப் பூஞ்சையத்தான் திங்குது."

"நாங்களும் திங்கிறதில்ல. ஃபேக்டரிக்குத்தான் அனுப்புறோம்."

பிறகு ஒரு மணி நேரம் பாடம். பெரிய காட்டை வெட்டிக் கரும்பு போட்டுத் துண்டு துண்டாக விட்டுவிட்டார்களாம். துண்டுக் காட்டில் புலி போகும், பெரிய பறவை போகும், எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்த எறும்பு மட்டும் பல மடங்கு பெருகிவிட்டதாம். புற்றைத் தோண்டித் தின்கிற மிருகங்கள் துண்டுக் காட்டில் இல்லை. எறும்பின் உடம்புக்குள் முட்டை வைத்து அதன் தலையே கழன்று விழும்படி செய்கிற ஒரு ஈ இருக்கிறதாம். அதுவும் காட்டோரத்து வெயிலுக்கு வருவதில்லை. ஓரத்தில் முளைக்கிற செடிக்கோ இலை மெத்தென்று இருக்கிறது. ஆக எறும்புக்கு நல்ல காலம்.

"துண்டு போட்டா எல்லாமே சாகாதுங்க சார். சிலது கொழுத்துப்போகும். மிச்சத்தையும் அதுங்களே வெட்டி முடிச்சிரும்."

தலை கழன்று விழும் எறும்பைப் பற்றி எமிலி ராத்திரிச் சாப்பாட்டிலும் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 20

மழை. கொழுந்து வர ஆரம்பித்துவிட்டது. ஆள் இல்லை.

ஏப்ரல் 28

ரோட்டுக்கு மேலே, மரத்துக்கு மரம், ஏணி மாதிரிப் பின்னிய ஒரு பாலம் கட்டினார்கள். தீயணைப்பு வண்டியில் வருகிற பழைய குழாய். குரங்கு அதில் நடந்து ரோட்டைத் தாண்டுமாம். கட்டி முடித்ததும் எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். முப்பத்துநாலு குரங்கும் கிளையில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தன. ஒன்றும் அசையவில்லை. பிறகு பாலத்துக்கு இரண்டடி தள்ளி இருந்த எங்கள் சில்வர் ஓக் நிழல் மரக் கிளையிலேயே தாவிப் போய்விட்டன. இந்த வருடத்தில் நான் மனம்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான்.

"பழகறதுக்கு ஆறு மாசமாச்சும் ஆகுங்க" என்றாள் பௌசியா. "அது வரைக்கும் மரத்துலதான் போகும்."

முத்துப்பேச்சி ஒரு மாதத்தில் ரோட்டுக்கே சொந்தக்காரி ஆகிவிட்டாள். எந்தக் குரங்கு முதலில் வரும், எது கடைசியில் வரும், எது நொண்டி, எது குட்டிக்காரி, எல்லாம் சொல்கிறாள். மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் தாண்டும் என்று நேரம்கூடக் கணக்கிட்டு வைத்திருக்கிறாள். போன வாரம் மேனேஜர் காரையே கொடி காட்டி நிறுத்தி, குட்டிக்காரி போய்ச் சேரும்வரை ஆறு நிமிடம் நிற்க வைத்திருக்கிறாள். மேனேஜர் என்னிடம் குறைப்பட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெளியில் அவளைக் கண்டித்தேன்.

மே 3

பதினெட்டாம் தேதி கம்பெனியிலிருந்து டிவிஷனைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் நிழல் மரங்களைக் கழித்து முடிக்க வேண்டும். தென்மேற்கு மழைக்கு முன் மேல் கிளைகளை இறக்கி வெயில் விடுவது ஒவ்வொரு மேயிலும் நடப்பதுதான். மற்ற டிவிஷன்களில் ஒரு மரம் உயரம், ஒரு மரம் குட்டை, அம்பட்டன் பாதியில் எழுந்து போன தலை மாதிரி இருக்கும். என்னுடையது நூல் பிடித்தாற்போல் ஒரே மட்டத்தில் இருக்கும். வருகிறவர்கள் ஜீப்பை நிறுத்திப் பார்ப்பார்கள்.

இதற்குள் பௌசியா ஒரு காகிதத்தோடு வந்தாள். ரோட்டோரத்து ஆறு சில்வர் ஓக்கை மட்டும் இந்த வருடம் கழிக்காமல் விட வேண்டுமாம்.

"அந்த ஆறு மரந்தானுங்க சார் அதுங்களுக்குத் தெரிஞ்ச வழி. பாலம் பழகற வரைக்கும் விட்டுக் குடுங்க."

"பாக்கலாம்" என்றேன்.

நான் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இந்த டிவிஷனில் கைக்குழந்தைக்கும் தெரியும். பிரேசில் போய் வந்தவளுக்குத் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மே 9

பதினாலாம் நம்பர் காட்டில் மரம் கழித்து முடிந்தது. ஒரே மட்டம். ரோட்டோரத்து ஆறையும் சேர்த்துத்தான். ஆறு மட்டும் தலைவிரிகோலமாக நின்றால் வரிசைக்கு என்ன மரியாதை. மேனேஜர் காரை நிறுத்திப் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்றார்.

மே 10

குரங்குகள் மேல்சோலை ஓரத்தில் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் கிளை இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு தரையில் இறங்கித் தாண்டின. முத்துப்பேச்சி இரண்டு பக்கமும் ஓடி ஓடி வண்டிகளை நிறுத்தினாள். கோடை விடுமுறை, நாற்பது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்த வண்டிகள் மேலே வந்ததும் கண் மண் தெரியாமல் ஓடுகின்றன. ஒருவன் அவளைத் திட்டினான். ஒருத்தி குரங்குக்கு சிப்ஸ் போட்டாள்.

பௌசியா வந்து மரங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போய்விட்டாள். ஏதாவது கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

மே 13

ஞாயிறு. பிரசங்கம் ஒன்றரை மணி நேரம். பாதிரியார் புதுசு.

மே 15

கொழுந்து முற்றிக்கொண்டு நிற்கிறது. பதினெட்டாம் தேதிக்குள் பதினாலாம் நம்பர் சுத்தமாக இருக்க வேண்டும். ஒன்பது பேர் வரவில்லை. கையில் கிடைத்த ஆளையெல்லாம் இறக்கினேன். சும்மா நிற்கிறவர்களுக்கும் கை இருக்கிறது. மூன்று மணிக்கு ரோட்டில் ஒரு குரங்கு அடிபட்டது. தூறல்.

மே 16

அடிபட்டது குட்டிக்காரி. கோயம்புத்தூர் வண்டி. குட்டி உயிரோடு இருந்தது, தாயின் மார்பை விடவில்லை. பெரிய ஆண் குரங்கு ரோட்டின் நடுவே நின்று வண்டிகளைப் பார்த்துக் கத்தியது. பின்னால் வந்த வண்டிக்காரன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்திருக்கிறான். கடைசியில் இன்னொரு மந்தி வந்து குட்டியைப் பறித்துக்கொண்டு கூட்டத்தோடு கீழ்ச்சோலைக்குப் போய்விட்டது. படம் இன்று காலை எமிலியின் தங்கைக்கு நாசரேத்திலேயே கிடைத்துவிட்டது. ஊரே அழுகிறதாம். இதே ஊர்தான் கருவாட்டுக்கு வரிசையில் நிற்கிறது.

மேனேஜர் கூப்பிட்டார். "வாட்சர் எங்க இருந்தா?"

"ரோட்ல இல்ல சார்" என்றேன்.

அது உண்மைதான்.

சாயங்காலம் முத்துப்பேச்சி ஆபீஸ் வாசலில் நின்றாள். சேலை முந்தியில் ரத்தக் கறை இருந்தது. "என்ன சார் சொல்லணும்?" என்று கேட்டாள்.

"நீ ஒண்ணும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மே 17

முத்துப்பேச்சியை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி மேனேஜர் எழுதிவிட்டார். வனத்துறை விசாரணை இருபத்தொன்பதாம் தேதி. அது முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நோட்டீஸை அவளிடம் கொடுத்துக் கைநாட்டு வாங்க என்னை அனுப்பினார். கைநாட்டு வைக்கிறவள் என்று நினைத்துப் போனேன். முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மே 18

கம்பெனியிலிருந்து வந்தார்கள். ஜீப்பை நிறுத்தவில்லை. மழை பெய்ததால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே போய்விட்டார்கள்.

மே 19

ரோட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் போகிற கல்வெர்ட் அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். அடைக்கவில்லை. குரங்குகள் கீழ்ச்சோலையில்தான் இருக்கின்றன.

மே 20

கல்வெர்ட்டைப் பார்க்கப் போனேன்.

மே 21

கல்வெர்ட். எமிலி, "மூணு நாளா அப்படி என்னங்க அந்தக் கல்வெர்ட்ல?" என்றாள். டிவிஷன் வேலையில் தலையிடாதே என்றேன்.

மே 22

ரோட்டில் பௌசியா உட்கார்ந்திருந்தாள். தொலைநோக்கியை மடியில் வைத்திருந்தாள், அதில் பார்க்கவில்லை.

குட்டி செத்துவிட்டதாம். பால் இல்லை. பறித்துக்கொண்டு போன மந்தி செத்த குட்டியை மூன்று நாள் தூக்கிக்கொண்டு திரிந்ததாம். கூட்டம் ரோட்டுப் பக்கமே வரவில்லை. மேல்சோலையில் வெடிபலா பழுத்து உதிர்கிறது. கீழே தின்ன ஒன்றும் இல்லை.

"பதினோரு ஏக்கர்ல முப்பத்திரண்டு உசுரு எத்தன நாளைக்குங்க சார்? இதுக்கு மேல லயன் வீட்டு ஓட்டத்தான் பிரிக்கும். அப்புறம் ஜனங்க கல்லெடுப்பாங்க. துண்டுச் சோலைல ஒரு கூட்டம் சாகறது இப்படித்தானுங்க. யாரும் சுட்டுக் கொல்றதில்ல."

"அந்த ஆறு மரம் இருந்திருந்தா?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"தாண்டியிருக்குங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஏப்ரலில் ஒரு மணி நேரம் பாடம் நடத்தியவள். சிலது கொழுத்துப்போகும், மிச்சத்தையும் வெட்டி முடிக்கும் என்று சொன்னாளே, அதை இப்போது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மே 23

எமிலி லயனுக்குப் போய் வந்தாள். முத்துப்பேச்சி பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறாளாம். சமைக்க ஒரு சட்டியை மட்டும் வெளியே வைத்திருக்கிறாள். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். அதைச் சொல்லும்போதுகூட அவள் முகம் மாறவில்லையாம்.

"எங்க போவாளாம்?" என்றேன்.

"அவளுக்கு எங்கங்க போக்கிடம்? நீங்க பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கீங்களாம். அதான் ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்கல."

பிறகு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். காப்பி ஆறிப்போயிற்று.

மே 24

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை வேறு யார் படிக்கப்போகிறார்கள்.

பதினைந்தாம் தேதி காலை பதினோரு மணிக்கு ரோட்டுக்குப் போய் முத்துப்பேச்சியைக் கொழுந்து எடுக்க வரச் சொன்னது நான். "ரெண்டு மணிக்கு அதுங்க வந்துருமே சார், அதுக்குள்ள விட்ருவீங்களா?" என்றாள். விட்டுவிடுவேன் என்றேன். கொடியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அன்றாட வேலையைப் பதிகிற செக்ரோலில் அவள் பேருக்கு நேரே 'ரோடு காவல்' என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்குப் பக்கத்தில் வந்து, "மணி ரெண்டாச்சு சார்" என்றாள்.

"இந்த வரிசைய முடி."

இரண்டரைக்கு மறுபடியும் கேட்டாள். "குரங்கு என்ன உனக்குச் சொந்தக்காரனா?" என்றேன். நாற்பது பேர் சிரித்தார்கள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

மூன்று மணிக்கு ரோட்டில் பிரேக் சத்தம் கேட்டது. கூடையைப் போட்டுவிட்டு முதலில் ஓடியவள் அவள்தான். நான் ஓடவில்லை. வரிசை இன்னும் பத்துச் செடி பாக்கி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருக்கிறது.

மே 25

மேனேஜரிடம் போய், முத்துப்பேச்சி விஷயத்தில் கொஞ்சம் பேச வேண்டும் என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியும். நாப்பது பேர் பாத்திருக்காங்க, எனக்குத் தெரியாம இருக்குமா? நான் உங்ககிட்ட கேக்கல. நீங்களும் என்கிட்ட சொல்லாதீங்க. பீல்டு ஆபீசர் தப்புன்னா அது எஸ்டேட் தப்பு. கேசுவல் லேபர் தப்புன்னா அது அவ தப்பு. டிசம்பர் வரைக்கும் நிம்மதியா இருங்க."

எனக்கு மகன் வயது. எம்.பி.ஏ. படித்தவன். என்னைப் பார்த்து மரியாதையாகத்தான் சிரித்தான். என்னை அவன் வகையைச் சேர்ந்தவன் என்று முடிவு கட்டிவிட்டான் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. வெளியே வந்ததும் எச்சில் துப்பினேன். அவன்மீது என்றுதான் அப்போது நினைத்தேன்.

மே 27

கோயிலுக்குப் போகவில்லை. எமிலி ஏன் என்று கேட்கவில்லை.

மே 28

குரங்குகள் லயனில் இரண்டு வீட்டு ஓட்டைப் பிரித்துவிட்டன. பௌசியா சொன்னபடியே ஆயிற்று. லயன்காரர்கள் கவண் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். விலக்கப் போனேன். ஒருவன் என் முகத்துக்கு நேரே, "மரத்த நீங்க வெட்டிட்டு எங்கள எதுக்கு சார் சொல்றீங்க?" என்றான். முப்பத்தொரு வருடத்தில் இந்த டிவிஷனில் என்னிடம் ஒருவரும் இப்படிப் பேசியதில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

மே 29

எஸ்டேட் ஆபீசில் விசாரணை. ரேஞ்சர் வந்திருந்தார். மேனேஜர், பௌசியா, நான். முத்துப்பேச்சியை நிற்க வைத்திருந்தார்கள். நாற்காலி இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"மூணு மணிக்கு நீ எங்கம்மா இருந்தே?" என்றார் ரேஞ்சர்.

என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அதற்குக் காத்திருந்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"ஒண்ணுக்குப் போயிருந்தேன் சார்."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரந்தான் சார்."

வாசலில் நின்ற ரேஞ்சரின் டிரைவர் சிரித்தான். முத்துப்பேச்சி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

நான் எழுந்தேன். தைரியத்தில் எழுந்தேன் என்று எழுத ஆசைதான். அந்த டிரைவர் சிரித்தது பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அது என் மஸ்டரில் கேட்ட சிரிப்பு.

"அவ ஒண்ணுக்குப் போகல. பதினாலாம் நம்பர்ல கொழுந்து எடுத்துட்டிருந்தா. ரோட்ல இருந்து அவளக் கூட்டிட்டுப் போனது நான்தான். ரெண்டு மணிக்கு விடச் சொல்லிக் கேட்டா. ரெண்டரைக்கும் கேட்டா. நான் விடல."

"ஞானதிரவியம், உக்காருங்க" என்றார் மேனேஜர்.

"ரோட்டோரத்து ஆறு மரத்த வெட்ட வேண்டாம்னு இந்த டாக்டர் எழுதிக் குடுத்தாங்க. அதையும் வெட்டச் சொன்னது நான்தான்."

"மரத்தப் பத்தி இங்க யாரும் கேக்கல."

"கேக்க மாட்டீங்க சார். அதான் நானே சொல்றேன்."

ரேஞ்சர் எழுதித் தரச் சொன்னார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பௌசியா எழுந்து அந்த நாற்காலியை முத்துப்பேச்சி பக்கம் நகர்த்தினாள். அவள் உட்காரவில்லை.

நாளையிலிருந்து நான் லீவு. டிசம்பர் வரை லீவு. குவார்ட்டர்ஸை ஜூன் கடைசிக்குள் விட வேண்டும். முத்துப்பேச்சி பேரில் தவறில்லை என்று ரேஞ்சர் எழுதிவிட்டார். நோட்டீஸ் ரத்து. லிஸ்ட்டில் அவள் பெயர் இருக்கிறது. ரேஞ்சர் பார்த்துக்கொண்டிருந்ததால் மேனேஜர் அங்கேயே தன் கையால் எழுதினார்.

வீட்டுக்கு வந்து எமிலியிடம் சொன்னேன். சாமானை எதில் கட்டுவது என்று மட்டும் கேட்டாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் என் தட்டில் இரண்டாவது தடவை சோறு போட்டாள்.

மே 30

காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு லயனுக்குக் கிளம்பினேன்.

"இப்பப் போகாதீங்க" என்றாள் எமிலி.

"நல்ல சேதிதான சொல்லப் போறேன்."

"அவளுக்குத் தெரியும்ங்க. நீங்க போகாதீங்க."

போனேன். ஒரு பெண்பிள்ளை இரண்டு நல்ல வார்த்தை சொல்வாள், பெரிய மனதோடு கேட்டுக்கொண்டு, அதற்கென்ன என்று சொல்லிவிட்டு வருவோம் என்று நினைத்திருந்தேன். அதை எழுதுவதற்கே கை கூசுகிறது. வழியில் அந்த 'அதற்கென்ன'வை எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துக்கொண்டு போனேன்.

முத்துப்பேச்சி சாக்கைப் பிரித்துப் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"வீடு உனக்குத்தான். லிஸ்ட்லயும் பேர் வந்துருச்சு" என்றேன்.

"தெரியும் சார்."

  அவள் கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. கீழ்ச்சோலைப் பக்கம் குரங்குகள் ஒன்றையொன்று கூப்பிடுவது கேட்டது.

"பதினாலு நாளு சார்" என்றாள். "அன்னைக்குச் சாயங்காலமே உங்களுக்குத் தெரியும். சொல்றதுக்குப் பதினாலு நாளு ஆச்சு உங்களுக்கு. நான் அத்தன பேரு முன்னால ஒண்ணுக்குப் போனேன்னு சொல்ற வரைக்கும் உக்காந்திருந்தீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். இரண்டும் இல்லை. என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள், இதற்கு மேல் இவனிடம் என்ன பேச்சு என்பதுபோல. முப்பத்தொரு வருடம் மஸ்டரில் நின்று நான் எல்லாரையும் பார்த்த பார்வை அது. என்மேல் விழுந்தபோதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

"அடுப்புல உலை இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.